நாளுக்கு ஒரு சாண்

சங்குமுனைத்துறையில் கழுவிக் காயவைத்திருந்த ரோமானியச் சாடிகளின் உடைந்த ஓடுகள், நாளுக்கு ஒரு சாண் வீதம் கடலை நோக்கி நடக்கத் தொடங்கியது ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமையில். அன்று கரை முழுக்கச் சாளை மீன் குவிந்து கிடந்ததாலும், ஐஸ் வண்டி வரத் தாமதமானதாலும், கோயில் ஒலிபெருக்கி பழுதாகி மாதா பாட்டின் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்ததாலும், ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் பார்த்தவள் ஜெனோபி. கோயில் தென்னந்தோப்பில் கல்யாண மண்டபத்துக்கு அஸ்திவாரம் தோண்டப்போய்ப் பானையாக வந்து வேலை நின்று, தொல்லியல்காரர்கள் வந்து சதுரச் சதுரமாகக் குழி வெட்டியபோது, ஓடு கழுவவும் எண் எழுதவும் கூலிக்கு எடுத்த ஆறு பெண்களில் ஒருத்தி அவள். தோப்பின் ஓரத்தில் கயிறு கட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு குழியின் ஒவ்வொரு மண்ணடுக்குக்கும் ஒரு கட்டம் என்று ஒதுக்கியிருந்தோம். எண் எழுதி முடிக்கும்வரை அந்தக் கட்டம்தான் ஓட்டுக்கு முகவரி. கட்டம் மாறிப்போன ஓடு அனாதை. அந்த ஓடு எந்த ஊர் மண்ணில் வனைந்தது என்று சொல்வது என் வேலை. இருபத்திரண்டு வருஷம் வெளிநாட்டுக் கிடங்குகளில் செய்ததையே இங்கேயும் வந்து செய்துகொண்டிருந்தேன்.

“கோழி கிண்டியிருக்கு சாரே,” என்றாள் ஜெனோபி. நாற்பத்தேழு ஓடுகள் கயிற்றைத் தாண்டி அடுத்த கட்டத்தில் கிடந்தன. எடுத்துத் திரும்ப வைத்தோம். புதன்கிழமையும் தாண்டியிருந்தன. வியாழக்கிழமை அவள் கோழியைக் குறை சொல்லவில்லை. ஒரு ஓட்டின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈர்க்குச்சியால் மண்ணில் கோடு கிழித்து, காலைக் கஞ்சி குடித்து வந்து பார்த்து, மத்தியானம் பார்த்து, சாயங்காலம் தன் கையை விரித்து அளந்து, “ஒரு சாண். மேக்க போவுது,” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

மேற்கே போகிறவற்றைப் பற்றி ஜெனோபிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் புருஷன் சிலுவைதாசன் வளைகுடாவில் ஓர் அரபியின் மீன்பிடி லாஞ்சியில் வேலைக்குப் போய், மூன்று வருஷம் ஒழுங்காகப் பணமும் குரலும் அனுப்பினான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனி மாதத்தோடு இரண்டும் நின்றுபோயின. லாஞ்சி கவிழ்ந்தது என்று ஒருவன் சொன்னான். லாஞ்சி கவிழவே இல்லை, அவன்தான் கரையில் இறங்கிப் போனவன் திரும்பி ஏறவில்லை என்று இன்னொருவன் சொன்னான். அங்கே ஒருத்தியோடு குடும்பமாக இருக்கிறான், இரண்டு பிள்ளைகள், மூத்தது இவன் ஜாடை என்று, பார்த்தவன்போலவே மூன்றாமவன் சொன்னான். உடலும் வரவில்லை, ஒரு தாளும் வரவில்லை.

அந்த ஊரில் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளன்று, வீட்டுக்கு வீடு இறந்தவர்களின் பேரைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சாமியாரிடம் கொடுப்பார்கள். அவர் பூசையில் ஒவ்வொன்றாக வாசிப்பார். பிறகு எல்லோரும் கடலோரக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்த் தங்கள் தங்கள் குழிமேல் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். மூன்று வருஷத்துக்கு முன் கொழுந்தன் மரியதாசன் அண்ணனின் பேரை எழுதிக் கொடுத்துவிட்டான். சாமியார் வாசித்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து ஜெனோபி எழுந்து நின்று, “அந்தப் பேர வாசிக்கப்பிடாது ஃபாதர். நான் குடுக்கல்ல,” என்றாள். சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அடுத்த பேருக்குப் போனார். அதிலிருந்து ஒவ்வொரு ஐப்பசியிலும், இந்த வருஷம் அவள் சீட்டு கொடுப்பாளா மாட்டாளா என்பது ஊரின் கேள்வியாக இருந்தது. கொடுத்தால் செத்தவனின் பெண்சாதி, கொடுக்காவிட்டால் விட்டுப்போனவனின் பெண்சாதி. இரண்டுக்கும் நடுவில் நிற்க ஊர் அவளுக்கு இடம் வைத்திருக்கவில்லை.

ஓடுகள் நடப்பது தெரிந்த வாரத்தில் ஊர் தோப்புக்கு வந்தது. ஆம்போரா என்று நாங்கள் சொல்லும் அந்தச் சாடிகள், ஆள் இடுப்புயரம், கூர்ந்த அடி, கழுத்தின் இருபுறமும் காதுகள், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் மதுவும் எண்ணெயும் உப்பில் ஊறிய மீன்சாறும் நிரப்பிக் கப்பலில் வந்தவை என்று நான் விளக்க, மீன்சாறு என்றதும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து, “நம்மகிட்ட விக்கவா மீன்சாறு கொண்டு வந்தானுவ?” என்றார்கள். அதன்பிறகு ஊரில் அவற்றின் பேர் காதுப்பானை. கோஸ் தீவுச் சாடிக்குக் காது இரட்டைக் குழலாக இருக்கும், ரோட்ஸ் தீவுச் சாடிக்குக் கொம்புபோல் முட்டி நிற்கும், இத்தாலியில் எரிமலை அடிவாரத்துச் சாடி என்றால் உடைந்த விளிம்பில் கருமணல் மினுங்கும் என்று நான் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்தபோது, சாயாக்கடை ஸ்டீபன் வாங்கிப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

“கருமணலா சாரே? அது நம்ம கடப்பொறம் முழுக்கக் கெடக்கே. அப்ப எனக்க வீட்டு முற்றமும் இத்தாலியாக்கும்.”

“இது வேற கருமணல்.”

“அத நீரு சொல்லணும். இல்ல, அது நடந்து சொல்லணும்.”

நடந்து சொல்லியது. ஸ்டீபன் தன் முற்றத்து மண்ணில் செய்த பூந்தொட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அது பத்து நாளாகியும் அசையவில்லை. ஊர் ஒத்துக்கொண்டது. மனிதனும் பண்டமும் தன் ஊருக்குப் போக நினைப்பதில் என்ன அதிசயம், இவ்வளவு நாள் போகாமல் இருந்ததுதான் அதிசயம் என்று கரையில் கிழிந்த வலை பொத்துகிற ஆண்கள் பேசிக்கொண்டார்கள். கட்டுமரக்காரர்கள் சிலர் ஆளுக்கொரு சில்லைக் கேட்டு வாங்க வந்து, நான் மறுத்ததும், மேகம் மூடிய நாளில் திசை பார்க்கத்தானே, திரும்பக் கொண்டுவந்து போட மாட்டோமா என்று கோபித்துப் போனார்கள். ஐஸ் பேக்டரியில் வேலை செய்யும் அஸ்ஸாம்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை குளித்துச் சட்டை மாற்றி வந்தார்கள், நால்வர், மூன்று மணி நேரம் தென்னை நிழலில் உட்கார்ந்து ஓடுகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து போனார்கள். வளைகுடாவில் புருஷன்மார் இருக்கிற பெண்கள் பூசை முடிந்ததும் முக்காட்டோடு வந்து, கயிற்றுக்கு இந்தப்புறம் நின்று, ஓடுகளிடம் என்னமோ முணுமுணுத்துவிட்டுப் போவது வழக்கமாயிற்று. சாமியார் பெஞ்சமின் ஒருநாள் பிரசங்கத்தில் வாக்களிக்கப்பட்ட தேசத்தைப் பற்றிப் பேசும்போது ஓடுகளைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் முடித்தார்.

தலைமை அலுவலகத்துக்கு எழுதினோம். பதிவு செய்யப்பட்ட தொல்பொருள்கள் அனுமதியின்றி இடம் மாறுவது குற்றம் என்றும், இடம் மாறியவர்கள்மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்றும் கேட்டுப் பதில் வந்தது. ஓடுகளை நைலான் வலைப் பைகளில் கட்டிப் போட்டோம். பையின் மேற்குக் கண்ணிகளில் முகம் பதித்து அவை கிடந்ததைப் பார்க்க, வலையில் பட்ட மீன் பார்த்தே பிழைக்கிற அந்த ஊருக்கே பொறுக்கவில்லை. இரண்டு பெண்கள் வேலைக்கு வர மறுத்துவிட்டார்கள். மற்றவர்கள் விட்டு விட்டு வந்தார்கள், ஜெனோபி மட்டும் தினமும் வந்தாள். அவை மறுபடி நடக்க இடம் இருக்கட்டும் என்று பைகளைத் திருப்பி வைப்பாள். மறுநாளும் திருப்பி வைப்பாள்.

அப்போதுதான் அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். எல்லா ஓடுகளும், கப்பல் வந்த வழியே செங்கடல் வாயை நோக்கி, நேர்மேற்காகப் போனபோது ஒரே ஒரு ஓடு பைக்குள்ளேயே வடக்கே சாய்ந்து போனது. உள்ளங்கையளவு ஓடு, காதில்லை, வாய்விளிம்பில்லை, உள்பக்கம் கறுப்புப் பூச்சு. இத்தாலிச் சாடிகளுக்கு உள்ளே பைன் மரப் பிசின் பூசுவார்கள் என்பதால் நான் பார்த்தவுடனே இத்தாலி என்று எழுதி வைத்திருந்தேன்.

“இது அந்தக் கூட்டம் இல்ல சாரே,” என்றாள்.

“கூட்டம்தான். உள்ள பிசின் இருக்கு பாருங்க.”

“எல்லாம் செங்கடல் வாய்க்குப் போவுதுன்னு நீருதான் சொன்னீரு. இது அதுக்கு வடக்கால போவுது. வழி தெரியாம போவுதா?”

“ஒண்ணு ரெண்டு கொஞ்சம் விலகிப் போகலாம்.”

“ஒரு நாள் விலகலாம். ஒம்பது நாளா விலகுமா? நீரு எழுதினது தப்புன்னு சொல்லல்ல. அதுக்கு நீரு எழுதினது தெரியாதுன்னு சொல்லுதேன்.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஊசியைச் சூடாக்கிக் கறுப்புப் பூச்சில் வைத்தேன். பிசினாக இருந்தால் குங்கிலியம்போல மணக்க வேண்டும். புகை கிளம்பியதும் ஜெனோபி மூக்கைச் சுருக்கி, “ரோடு போடுதாவ,” என்றாள்.

தார். பூமியிலிருந்து தானாக ஊறுகிற தாரை உள்ளே பூசிய சாடிகள் ரோமானியருடையவை அல்ல. வளைகுடாவின் தலைமாட்டில், இரண்டு பெரிய ஆறுகள் கடலில் சேர்கிற நாட்டுச் சாடிகள். காது வைக்காமல், உருண்ட வாயும் நீண்ட உடலுமாகச் செய்வார்கள். துண்டாகக் கிடைத்தால் என்னைப் போன்றவர்கள் ரோமானியச் சாடி என்றே எழுதிவிடுவதுண்டு. எழுதியது புத்தகமாகி, புத்தகத்தைப் பார்த்து இன்னொருவர் எழுதி, அந்தச் சாடி தான் போகாத ஊருக்குச் சொந்தமாகிவிடும். நான் வரைபடத்தை விரித்து விரலால் காட்டினேன். அவள் பார்த்தாள். பெரிய கடல், குறுகல், அதற்குள் நீண்ட வளைகுடா.

“அவரு போன கடலு,” என்றாள்.

“ஆமா.”

“போய்ச் சேர எத்தன நாளாவும்?”

நான் கணக்குப் போட்டேன். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். “நாளுக்கு ஒரு சாண்னா, நாற்பத்தாறாயிரம் வருஷம்.”

ஜெனோபி வரைபடத்தை மடித்துக் கொடுத்தாள். “காத்திருக்கிறவங்களுக்கு அது ஒரு கணக்கு இல்ல,” என்று சொல்லிவிட்டு, அந்த ஓட்டை மட்டும் வலைப் பையிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றைத் திருப்பப் போனாள்.

புரட்டாசி பாதியில் அடைமழை பிடித்தது. குழிகள் நிரம்பின. கழுவிய ஓடுகளைப் பைகளிலிருந்து கொட்டித் தோப்போரக் கொட்டகைத் தரையில் பரப்பினோம். ஏழாம் குழியிலிருந்து கடைசியாக எடுத்த இரண்டு கூடை ஓடுகளைக் கழுவ ஆளில்லாமல் கொட்டகை ஓரத்தில் அப்படியே வைத்திருந்தோம். மழை விட்டுப் பன்னிரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால் கழுவியவை எல்லாம் கொட்டகையின் மேற்குச் சுவரில் முட்டிக் குவிந்திருக்க, கழுவாத இரண்டு கூடையும் வைத்தது வைத்தபடி இருந்தன. ஜெனோபி கூடையிலிருந்து ஒன்றை எடுத்துக் கழுவி வைத்தாள்; மறுநாள் அது புறப்பட்டிருந்தது. சுவரில் முட்டிக்கொண்டிருந்த ஒன்றை எடுத்துக் குழியின் சேற்றைப் பூசி வைத்தாள், அது நின்றுவிட்டது. ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள். அசையவில்லை.

“நம்ம மண்ணு மேல ஒட்டிக் கெடக்கிற வரைக்கும் அதுக்கு இதுதான் ஊரு,” என்றாள். “கழுவினப்பொறம்தான் தன் ஊரு ஞாபகம் வருது.”

நான் அலுவலகத்துக்கு எழுத வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் அமைத்துக்கொண்டிருந்தேன். அவள் சேறு பூசிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, வேறு யாரைப் பற்றியோ கேட்பதுபோல, கேட்டாள்.

“அவரு மேலயும் அங்கத்த மண்ணு ஒட்டியிருக்கும் இல்லியா சாரே? உயிரோட இருந்தாலும் ஒட்டியிருக்கும். கடலுக்கு அடியில கெடந்தாலும் ஒட்டியிருக்கும்.”

நான் தலையாட்டினேன்.

“அப்ப மறந்ததுன்னு இல்ல. கழுவ ஆளில்ல. அவ்வளவுதான்.”

அலுவலகம் இம்முறை உடனே பதில் போட்டது. எல்லா ஓடுகளுக்கும் அந்தந்த அடுக்கு மண்ணைப் பூசிப் பெட்டியில் வைக்கும்படி உத்தரவு. நான்கு பெண்களும் மூன்று நாள் சேறு குழைத்துப் பூசினார்கள். இத்தாலியும் கோஸும் ரோட்ஸும் ஒவ்வொன்றாக அடங்கின. பூசுகிறபோது ஜெனோபி ஒவ்வொரு ஓட்டையும் மேற்கே ஒருமுறை காட்டிவிட்டுப் பூசினாள். மற்றவர்கள் முதலில் கேலி செய்து, இரண்டாம் நாள் தாங்களும் அப்படியே செய்தார்கள். கடைசியில் தார் பூசிய ஓடு மட்டும் மிஞ்சியது.

“இதுக்குப் பூச மாட்டேன்,” என்றாள். “வேற யாரும் பூசவும் விட மாட்டேன். வேலைய விட்டு நிறுத்தணும்னா நிறுத்திக்கிடும்.”

அந்த ஓடு எங்கள் அகழாய்விலேயே கனத்த செய்தி. ரோமாபுரிக்கு மட்டுமல்ல, வளைகுடாவுக்கும் இந்தத் துறைக்கும் போக்குவரத்து இருந்ததற்கு எங்கள் குழிகளில் கிடைத்த ஒரே சாட்சி. என் தவறைத் திருத்தி நான் எழுதப்போகிற கட்டுரையின் முதல் வரி. அதை அளந்து, வரைந்து, படம் எடுத்து, ஒரு நகக்கண் அளவு துணுக்கை ஆய்வுக்கு வெட்டி வைத்துக்கொண்டு, பதிவேட்டில் அதற்கு நேராக ‘இடம் பெயர்ந்தது’ என்று எழுதினேன். அது பொய்யில்லை. ஓட்டை அவள் கையில் கொடுத்தேன். அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நவம்பர் இரண்டாம் தேதி காலை, பூசைக்கு முன்னால், ஜெனோபி ஒரு துண்டுச் சீட்டோடு சாமியார் அறை வாசலில் போய் நின்றதை ஊரே பார்த்தது. மரியதாசன் பின்னாலேயே ஓடினான். நான் பதிவேட்டில் கையெழுத்து வாங்க அங்கே போயிருந்தேன். பெஞ்சமின் சாமியார் சீட்டைப் பிரித்துப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இப்ப ஒத்துக்கிடுதியா மக்கா? அவன் மரிச்சான்னு?”

“அது எனக்குத் தெரியாது ஃபாதர். வரமாட்டாருன்னு தெரியும். வராதவங்களுக்குன்னு வேற லிஸ்ட் உண்டா?”

“இல்லியே.”

“அப்ப இதுல வாசிச்சிருங்க.”

“மைனி,” என்றான் மரியதாசன். “நான் அன்னைக்கு…”

“ஒன்ன நான் ஒண்ணும் சொல்லல்லியே. நீ ஒனக்க அண்ணனுக்குக் குடுத்த. இது நான் எனக்க மாப்பிளைக்குக் குடுக்குதேன்.”

பூசையில் நூற்றுப்பதினான்காவது பேராகச் சிலுவைதாசன் வாசிக்கப்பட்டான். பெண்கள் பக்கத்தில் யாரும் எழுந்து நிற்கவில்லை. வாசித்துவிட்டுச் சாமியார் மற்ற பேர்களுக்கு நிறுத்தியதைவிட ஒரு மூச்சு அதிகம் நிறுத்தினார்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் தங்கள் குழிகளைத் தேடிப் போய் மண் அணைத்துப் பூத்தூவி மெழுகுவர்த்தி நட்டபோது, குழியில்லாத ஜெனோபி தோட்டத்தின் கடலோர வரிசைக்கு அப்பால் வெறும் மணலில் முந்தானையை அவிழ்த்து ஓட்டை வைத்து, பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தியை நட்டாள். அது எரிந்து தீர்வதற்குள் ஓடு விரற்கடை நகர்ந்திருந்தது. மறுநாள் சாயங்காலம் அவள் இன்னொரு மெழுகுவர்த்தியோடு வந்தாள்; ஒரு சாண் தள்ளி நட்டாள். அதற்கு மறுநாளும். அந்தத் தோட்டத்தில் மற்ற குழிகளெல்லாம் கிடந்த இடத்தில் கிடக்க, ஒரு குழி மட்டும் நாளுக்கு ஒரு சாண் நடந்தது. அது நடந்த வழியெல்லாம் மணலில் உருகி உறைந்த மெழுகு வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. முதல் வாரம் அவள் தனியாக இருந்தாள். இரண்டாம் வாரம் வளைகுடாப் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். ஸ்டீபன் ஒரு கெட்டில் நிறையச் சாயா கொடுத்தனுப்பி, காசு வாங்க மறுத்துவிட்டு, இழவு வீட்டில் யாராவது சாயாவுக்குக் காசு கேட்பார்களா என்று கோபித்தார். மூன்றாம் வாரம் மரியதாசன் வந்து, பெண்களுக்குப் பின்னால், தலைத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஒருநாள் அந்த அஸ்ஸாம்காரர் நால்வரில் ஒருவன் வந்து, யாரையும் கேட்காமல், தன் கையிலிருந்த மெழுகுவர்த்தியை ஓட்டுக்குக் கொஞ்சம் தள்ளிக் கிழக்கு முகமாக நட்டுவிட்டுப் போனான். ஊர் அதையும் ஒன்றும் சொல்லவில்லை.

இருபத்தெட்டாம் நாள் ஓடு அலை தொடுகிற ஈர மணலுக்கு வந்துசேர்ந்தது. அன்று ஜெனோபி மெழுகுவர்த்தி கொண்டுவரவில்லை. புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் சொருகிக்கொண்டு, ஓட்டைக் கையிலெடுத்து, அலை உடைகிற இடம் தாண்டி இடுப்பளவு நீரில் போய் நின்றாள். ஈர மணலில் ஏறியதும் ஓட்டின்மேல் நம் கரையின் கருமணலும், வழியில் ஒட்டிய மெழுகும் அப்பி, அது நின்றுவிட்டிருந்தது.

“ஒரு பொடி ஒட்டியிருந்தாலும் நடுக்கடல்ல நின்னுபோயிரும்,” என்று கரையிலிருந்தவர்களுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

பிறகு கழுவினாள். நகத்தால் மெழுகைச் சுரண்டி, கட்டைவிரலால் விளிம்பு விளிம்பாகத் தேய்த்து, உள்பக்கத்துக் கறுப்பை உள்ளங்கையில் வைத்து நீவி, அலை வரும்போது மார்போடு அணைத்துக்கொண்டு, அலை போனதும் மறுபடி குனிந்து, நெற்றியைக் கழுவுவதுபோல, காதுமடலின் பின்புறத்தைக் கழுவுவதுபோல, கால்விரல் இடுக்குகளைக் கழுவுவதுபோல, அவசரமில்லாமல் கழுவினாள். கரையில் ஒரு பெண் ஒப்பாரி எடுத்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள், அந்த ஊரில் உடல் குளிப்பாட்டும்போது மட்டுமே எடுக்கிற ஒப்பாரி அது. ஆண்கள் தலைத்துண்டை எடுத்தார்கள். ஜெனோபி அழவில்லை. ஓட்டை ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எங்கும் ஒரு மணல் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துத் தீர்மானித்துக்கொண்டு, நீருக்குள் தாழ்த்தி, வடமேற்கே திருப்பி வைத்தாள்.

கையை மட்டும் வெகுநேரம் கழித்துத்தான் எடுத்தாள்.